கர்னல் துவக்க வரியில் பெரும்பக்கங்கள்: ஒதுக்கீடு வேறு, முன்னிருப்பு வேறு

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பவர்களில் பலர் கர்னலின் (இயங்குதளத்தின் மையக்கரு) துவக்க வரியில், அதாவது கணினி எழும்போது அதற்குக் கொடுக்கும் அமைப்பு வரியில், ஒருமுறையாவது இப்படி எழுதியிருப்பார்கள்: 'டீஃபால்ட்_ஹியூஜ்பேஜ்எஸ்இசட்=1ஜி ஹியூஜ்பேஜ்எஸ்இசட்=1ஜி ஹியூஜ்பேஜஸ்=16'. மூன்று சொற்களும் ஒட்டி நிற்பதால் அவை சேர்ந்து ஒரே காரியத்தைச் செய்வதுபோல் தோன்றும். உண்மையில் இந்த வரிக்குள் இரண்டு தனித்தனி முடிவுகள் அடங்கியிருக்கின்றன. எவ்வளவு நினைவகத்தை, எந்த அளவுள்ள பக்கங்களாக, கணினி எழும்போதே எடுத்து வைப்பது என்பது ஒரு முடிவு. அளவைக் குறிப்பிடாமல் 'பெரும்பக்கம் வேண்டும்' (வழக்கத்தைவிடப் பெரிய நினைவகப் பக்கம்) என்று மட்டும் கேட்கும் நிரலுக்கு எந்த அளவைக் கொடுப்பது என்பது மற்றொரு முடிவு. பெரும்பக்கங்களை வைத்து வரும் சிக்கல்களில் கணிசமானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதிலிருந்தே பிறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. அதனால் அந்த வேறுபாட்டையே மையமாக வைத்து இதை விளக்க விரும்புகிறேன்.

பெரும்பக்கம் ஏன் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இன்டெல் 1985-இல் வெளியிட்ட 80386 ப்ராசசர் நினைவகத்தை 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரித்துக் கையாண்டது. சில மெகாபைட் நினைவகமே பெரிதாக இருந்த காலத்தில் அமைந்த அந்த அளவு, நூற்றுக்கணக்கான ஜிபி கொண்ட இன்றைய எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) சர்வர்களிலும் அடிப்படை அளவாக நீடிக்கிறது. ஒரு நிரல் பயன்படுத்துவது மெய்நிகர் முகவரியை. அதை நினைவகச் சில்லின் உண்மையான முகவரியாக மாற்ற, ப்ராசசர் பக்க அட்டவணையைப் பார்க்க வேண்டும். 64 பிட் எக்ஸ்86 கணினிகளில் அந்த அட்டவணை வழக்கமாக நான்கு அடுக்குகளைக் கொண்டது. ஒவ்வொரு முறையும் நான்கு அடுக்குகளையும் இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது என்பதால், அண்மையில் மாற்றிய முகவரிகளை டிஎல்பி என்ற சிறிய சேமிப்பில் ப்ராசசர் வைத்துக்கொள்கிறது.

அந்தச் சேமிப்பு எவ்வளவு சிறியது என்பதைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். இன்டெலின் ஸ்கைலேக் வரிசையில் இரண்டாம் நிலை டிஎல்பியில் 1536 இடங்கள் இருக்கின்றன. 4 கேபி பக்கங்களை மட்டும் வைத்தால் இவ்வளவு இடமும் சேர்ந்து 6 எம்பி நினைவகத்தைத்தான் எட்டும். அதே இடங்களில் 2 எம்பி பக்கங்கள் இருந்தால் எட்டும் தூரம் 3 ஜிபி. 1 ஜிபி பக்கங்களுக்குத் தனியாக 16 இடங்கள்தான் உண்டு என்றாலும் அவை 16 ஜிபியை எட்டிவிடுகின்றன. பெரிய தரவுத்தளம் ஒன்று தன் நினைவகத்தின் எந்த மூலையையும் எந்த நொடியிலும் தொடக்கூடியது. 6 எம்பி எல்லைக்குள் அது அடங்காது. டிஎல்பியில் கிடைக்காத ஒவ்வொரு முகவரிக்கும் ப்ராசசர் மீண்டும் அட்டவணையில் இறங்க வேண்டும். மெய்நிகர் கணினிக்குள் ஓடும் நிரல் என்றால் விருந்தினர் (மெய்நிகர் கணினி) அட்டவணை, அதற்கடியில் புரவலரின் (அதைத் தாங்கும் உண்மையான கணினி) அட்டவணை என இரண்டையும் கடக்க வேண்டியிருப்பதால், ஒரே ஒரு முகவரிக்காக 24 நினைவக வாசிப்புகள் வரை ஆகலாம்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது விட்டுப்போகும் இன்னொரு செலவு உண்டு: பக்க அட்டவணையே அடைத்துக்கொள்ளும் இடம். 64 ஜிபி பகிர்நினைவகத்தை வைத்திருக்கும் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். 4 கேபி பக்கங்களில் அது 1,67,77,216 பக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் 8 பைட் என்றால் 128 எம்பி. இது ஒரு ப்ராசஸுக்கான (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கான) கணக்கு. போஸ்ட்கிரெஸ்க்யூஎல், ஆரக்கிள் போன்ற தரவுத்தளங்கள் இணைப்புக்கு ஒரு ப்ராசஸ் என்ற முறையில் இயங்கும்போது, பகிர்நினைவகம் பொதுவாக இருந்தாலும் அதைக் காட்டும் அட்டவணை ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனியானது. 500 இணைப்புகள் நாளடைவில் அந்த நினைவகம் முழுவதையும் தொட்டுவிட்டால், அட்டவணைகளுக்கு மட்டும் 62.5 ஜிபி போய்விடும். தரவுக்கு ஒதுக்கிய அளவுக்கு ஏறக்குறைய நிகர். அதையே 2 எம்பி பக்கங்களாக வைத்தால் ஒரு ப்ராசஸுக்கு 256 கேபி, 500 ப்ராசஸுக்கும் சேர்த்து 125 எம்பிதான். நினைவகம் எங்கே போகிறது என்று தெரியாமல் தவிக்கும் தரவுத்தள நிர்வாகி முதலில் பார்க்க வேண்டியது, கர்னல் நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் உள்ள 'பேஜ்டேபிள்ஸ்' என்ற வரி.

இதை ஏன் துவக்க வரியில் எழுத வேண்டும், கணினி எழுந்த பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்ற கேள்வி நியாயமானது. 2 எம்பி பக்கங்களைப் பெரும்பாலும் அப்படி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பெரும்பக்கம் என்பது மெய்யான நினைவகத்தில் இடைவெளியின்றித் தொடர்ச்சியாக அமைய வேண்டியது. பல நாட்கள் ஓடிய சர்வரில் மொத்தமாகப் பார்த்தால் காலி நினைவகம் நிறைய இருக்கும். ஆனால் அது துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். கூட்டம் ஏறிய பஸ்ஸில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து இருக்கைகள் காலியாக இருந்தாலும், ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரே வரிசையில் உட்கார இடம் கிடைக்காது அல்லவா, அந்த நிலைதான் இது. சிதறிய பக்கங்களை நகர்த்தி ஒன்றுசேர்க்கும் வசதி 2010-இல் வெளியான லினக்ஸ் 2.6.35-இல் சேர்க்கப்பட்டது. என்றாலும் கர்னல் தனக்கென எடுத்துக்கொண்ட சில பக்கங்களை நகர்த்த முடியாது. ஒரு 2 எம்பி பரப்பின் நடுவில் அப்படிப்பட்ட ஒரே ஒரு 4 கேபி பக்கம் இருந்தாலும் அந்தப் பரப்பு பெரும்பக்கமாகாது.

1 ஜிபி பக்கங்களின் நிலை இதைவிடக் கடினம். கர்னலின் வழக்கமான நினைவக ஒதுக்கி எக்ஸ்86 கணினிகளில் தொடர்ச்சியாகக் கொடுக்கும் உச்ச அளவு 4 எம்பி. 1 ஜிபி வேண்டுமென்றால் அப்படிப்பட்ட 256 துண்டுகள் அடுத்தடுத்து, அதுவும் சரியான எல்லையில் தொடங்கி அமைய வேண்டும். ஏஎம்டி 2007-இல் பார்சலோனா வரிசையிலும், இன்டெல் 2010-இல் வெஸ்ட்மியர் வரிசையிலும் இந்த அளவைக் கொண்டுவந்தன. லினக்ஸ் 2008-இல் 2.6.27 பதிப்பில் இதை ஏற்றபோது, துவக்கத்தில் மட்டுமே ஒதுக்க முடியும் என்ற நிலைதான் இருந்தது. 2014-இல் வந்த 3.16 பதிப்பிலிருந்து ஓடும்போதும் கேட்கலாம். ஆனால் கேட்டது கிடைக்கும் என்று நம்பி ஒரு சர்வரைத் திட்டமிட முடியாது. துவக்க வரியில் எழுதினால், வழக்கமான ஒதுக்கி பொறுப்பேற்கும் முன்பே, நினைவகம் முழுவதும் ஒரே பரப்பாக இருக்கும் அந்தச் சிறு இடைவேளையில் கர்னல் அதை எடுத்து வைத்துவிடுகிறது. துவக்க அளவுருவின் முழுப் பலமும் இந்த நேரத்தில்தான் இருக்கிறது.

இப்போது அந்த மூன்று சொற்களுக்கு வருவோம். எளிமைக்காக 'டீஃபால்ட்_ஹியூஜ்பேஜ்எஸ்இசட்' என்பதை முன்னிருப்புச் சொல் என்றும், 'ஹியூஜ்பேஜ்எஸ்இசட்' என்பதை அளவுச் சொல் என்றும், 'ஹியூஜ்பேஜஸ்' என்பதை எண்ணிக்கைச் சொல் என்றும் குறிப்பிடுகிறேன். கர்னல் இவற்றை இடமிருந்து வலமாக, எழுதிய வரிசையிலேயே படிக்கிறது. எண்ணிக்கைச் சொல்லுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. தனக்கு முன்னால் எந்த அளவுச் சொல் வந்ததோ அந்த அளவுக்கே அது பொருந்தும். 'ஹியூஜ்பேஜ்எஸ்இசட்=1ஜி ஹியூஜ்பேஜஸ்=16 ஹியூஜ்பேஜ்எஸ்இசட்=2எம் ஹியூஜ்பேஜஸ்=1024' என்று எழுதினால் 1 ஜிபி பக்கங்கள் 16, 2 எம்பி பக்கங்கள் 1024, ஆக மொத்தம் 18 ஜிபி ஒதுக்கப்படும். இப்படி அளவும் எண்ணிக்கையும் இணை இணையாக வரும் வரை குழப்பமே இல்லை.

முன்னால் அளவு எதுவும் சொல்லாமல் எண்ணிக்கைச் சொல்லை முதலாவதாக எழுதும்போதுதான் குழப்பம் வருகிறது. அப்போது அது முன்னிருப்பு அளவுக்கான எண்ணிக்கை என்று கர்னல் கொள்கிறது. அப்படிக் கொண்டதை வரியில் பின்னால் வரும் இணையால் மாற்ற முடியாது. முன்னிருப்பு 2 எம்பியாக இருக்கும் கணினியில் 'ஹியூஜ்பேஜஸ்=256 ஹியூஜ்பேஜ்எஸ்இசட்=2எம் ஹியூஜ்பேஜஸ்=512' என்று எழுதினால் கிடைப்பது 256 பக்கங்கள்தான்; 512 புறக்கணிக்கப்பட்டதாக ஓர் எச்சரிக்கை கர்னல் பதிவில் விழும். பின்னால் எழுதியதுதான் செல்லும் என்ற பொதுவான பழக்கத்தை நம்பி, பழைய வரியின் வாலில் புதிய மதிப்பை ஒட்டுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அதேபோல, ப்ராசசர் ஏற்காத ஓர் அளவைச் சொல்லிவிட்டால் அதைத் தொடர்ந்து வரும் எண்ணிக்கையும் சேர்ந்து புறக்கணிக்கப்படும். 1 ஜிபி பக்கத்தை ப்ராசசர் ஏற்கிறதா என்பதை சிபியூஇன்ஃபோ கோப்பில் 'பிடிபிஇ1ஜிபி' என்ற கொடி இருக்கிறதா என்று பார்த்து அறியலாம். மெய்நிகர் கணினிகளில் புரவலர் ப்ராசசருக்கு அந்தத் திறன் இருந்தும், விருந்தினருக்குக் காட்டும் ப்ராசசர் மாதிரியில் அந்தக் கொடியைச் சேர்க்காமல் விட்டிருப்பது அடிக்கடி காணக்கூடியது.

முன்னிருப்புச் சொல் தன்னளவில் ஒரு பைட்டைக்கூட ஒதுக்குவதில்லை. அது செய்வது, 'பெரும்பக்கம்' என்று பொதுவாகச் சொன்னால் எந்த அளவு என்று தீர்மானிப்பது மட்டும்தான். ஆனால் அந்தத் தீர்மானம் எங்கெல்லாம் போய்த் தொடுகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அளவைக் குறிப்பிடாமல் எம்மேப் (கர்னலிடம் நினைவகம் கேட்பது) அழைப்பில் பெரும்பக்கக் கொடியை மட்டும் வைக்கும் நிரல், பெரும்பக்கப் பகிர்நினைவகம் கேட்கும் ஷெம்கெட் அழைப்பு, பக்க அளவைச் சொல்லாமல் ஏற்றப்படும் ஹியூஜ்டிஎல்பி கோப்புமுறை (பெரும்பக்கங்களைக் கோப்புகளாகக் காட்டுவது), கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் வழியாக எழுதும் 'என்ஆர்_ஹியூஜ்பேஜஸ்' மதிப்பு, மெம்இன்ஃபோ கோப்பில் தெரியும் பெரும்பக்க எண்ணிக்கைகள் ஆகிய எல்லாமே முன்னிருப்பு அளவைத்தான் பின்பற்றுகின்றன. எம்மேப் அழைப்பிலேயே அளவைக் குறிப்பிடும் வசதி 2013-இல் வெளியான 3.8 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட நிரல்களும், அதற்குப் பிறகும் பழைய முறையிலேயே எழுதப்படும் நிரல்களும் முன்னிருப்பை நம்பியே இருக்கின்றன.

முதலில் காட்டிய வரி எங்கிருந்து பரவியது என்பதையும் சொல்ல வேண்டும். வலைப் பொட்டலங்களைக் கர்னலைத் தாண்டி நேரடியாகக் கையாளும் டிபிடிகே நூலகத்தின் வழிகாட்டி, 1 ஜிபி பக்கங்களுக்கு இதே வடிவில் உள்ள வரியைத்தான் எடுத்துக்காட்டாகத் தருகிறது. பொட்டலம் கையாள்வதற்கென்றே ஒதுக்கிய கணினிக்கு அது மிகச் சரியான வரி; அங்கே பெரும்பக்கம் கேட்கப்போவது அந்த ஒரு நிரல்தான். அதையே படியெடுத்துப் பலவகை நிரல்கள் ஓடும் கணினியில் ஒட்டும்போது நிலைமை மாறிவிடுகிறது.

ஒரு கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 32 ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஓடுகிறது. அதன் 'ஷேர்டு_பஃபர்ஸ்' மதிப்பு 8 ஜிபி. நிர்வாகி முன்னிருப்பை 1 ஜிபியாக மாற்றி, எண்ணிக்கை 8 என்று எழுதுகிறார். 8 ஜிபிக்கு 8 பக்கங்கள், பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தரவுத்தளத்துக்கு வேண்டிய மொத்தப் பகிர்நினைவகம் பஃபர்கள் மட்டுமல்ல. பூட்டு அட்டவணைகள், பதிவு எழுதும் இடம் முதலியவையும் சேர்ந்து 8 ஜிபிக்குச் சற்று மேலே போகும். முன்னிருப்பு அளவை மெம்இன்ஃபோ கோப்பிலிருந்து படித்துக்கொண்டு, அதன் மடங்காகத் தன் தேவையைத் தரவுத்தளம் மேல்நோக்கி முழுமையாக்குகிறது. விளைவு, அது கேட்பது 9 பக்கங்கள். இருப்பதோ 8. அதன் 'ஹியூஜ்_பேஜஸ்' அமைப்பு வழக்கமாக 'ட்ரை' என்றே இருப்பதால், பெரும்பக்கம் கிடைக்காததை ஒரு பிழையாகக் கருதாமல் அது சாதாரண 4 கேபி பக்கங்களுக்கு மாறிக்கொண்டு எழுந்துவிடும். இப்போது 8 ஜிபி பெரும்பக்கங்களாக ஒருவரும் தொடாமல் பூட்டிக் கிடக்கிறது. தரவுத்தளம் வேறொரு 8 ஜிபியைப் பொது நினைவகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. சர்வரின் பாதி போய்விட்டது. பலன் எதுவும் இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. பெரும்பக்கங்களாக ஒதுக்கியதை வேறு எந்த நிரலுக்கும் கர்னல் கொடுக்காது, டிஸ்க்குக்கும் தள்ளாது என்பதால் இந்த இழப்பு தானாகச் சரியாகவும் செய்யாது.

முன்னிருப்பு 2 எம்பியாக இருந்து, 4096 பக்கங்கள் என்று மட்டும் கணக்கிட்டு எழுதியிருந்தாலும் பற்றாக்குறை இதே போல்தான் வந்திருக்கும். ஆனால் அங்கே சில நூறு பக்கங்களைச் சர்வர் ஓடும்போதே கூட்டிச் சரிசெய்துவிடலாம். 1 ஜிபி என்றால் பெரும்பாலும் கணினியை மறுபடி துவக்கித்தான் ஆக வேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 15-ஆம் பதிப்பிலிருந்து 'ஷேர்டு_மெமரி_சைஸ்_இன்_ஹியூஜ்_பேஜஸ்' என்ற மதிப்பு, எத்தனை பெரும்பக்கம் தேவை என்பதைத் தரவுத்தளத்தை ஏற்றாமலேயே சொல்லிவிடுகிறது. அதைக் கேட்டு எழுதுவதும், 'ட்ரை' என்பதை 'ஆன்' என்று மாற்றி, கிடைக்காவிட்டால் எழாமல் நிற்கச் செய்வதும் நல்ல நடைமுறை. உற்பத்திச் சர்வரில் சத்தமில்லாமல் நடக்கும் தோல்வியைவிட, துவக்கத்திலேயே நின்று காரணம் சொல்லும் தோல்வி எவ்வளவோ மேல். இதே தரவுத்தளத்தில் 14-ஆம் பதிப்பிலிருந்து பக்க அளவையும் தனியாகக் குறிப்பிட முடியும். அதைப் பயன்படுத்தினால் கணினியின் முன்னிருப்பைத் தொடவே வேண்டாம்.

முன்னிருப்பை 1 ஜிபியாக்குவதில் இன்னும் சில பக்கவிளைவுகள் உண்டு. எம்மேப் வழியாக 300 எம்பி கேட்கும் நிரலுக்கு ஒரு முழு 1 ஜிபி பக்கம் போகும்; மீதி 724 எம்பி வீண். பெரும்பக்கம் என்றால் 2 எம்பிதான் என்று உள்ளே எழுதி வைத்திருக்கும் நிரல், நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த மடங்கில் கொடுக்க முயன்று கர்னலிடமிருந்து பிழை வாங்கும். இவற்றைவிட அபாயமானது சிஸ்சிடிஎல் அமைப்புக் கோப்பில் பழைய காலத்திலிருந்து கிடக்கும் ஒரு வரி. 'என்ஆர்_ஹியூஜ்பேஜஸ்=1024' என்று யாரோ எழுதி வைத்தது அன்று 2 ஜிபி; முன்னிருப்பு மாறிய நாளிலிருந்து அது 1 டிபி கேட்கும் வரி. கர்னல் அதை மறுப்பதில்லை. தன்னால் தொடர்ச்சியாகத் திரட்ட முடிந்தவரை எடுத்துப் பெரும்பக்கங்களாக மாற்றிக்கொண்டே போகும்; மற்ற நிரல்களுக்கு மிஞ்சுவது மிகக் குறைவாகவே இருக்கும்.

ஆகவே என் பரிந்துரை இதுதான்: அளவைக் குறிப்பிடத் தெரியாத நிரல் ஒன்றுக்காகவே அந்தக் கணினி இருக்கிறது என்றால் தவிர, முன்னிருப்பை மாற்ற வேண்டாம். 1 ஜிபி பக்கங்கள் தேவையென்றால் அளவுச் சொல்லையும் எண்ணிக்கைச் சொல்லையும் இணையாக எழுதி ஒதுக்கிக்கொண்டு, பக்க அளவைச் சொல்லி ஒரு ஹியூஜ்டிஎல்பி கோப்புமுறையை ஏற்றி, தேவையான நிரலுக்கு அந்த இடத்தைக் காட்டலாம். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கியூஎம்யூ, லிப்விர்ட், முன்பு சொன்ன டிபிடிகே ஆகிய மூன்றுமே இப்படிக் காட்டினால் எடுத்துக்கொள்ளும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் இன்னும் தெளிவாக நடந்துகொள்கிறது. அங்கே ஒரு பாட் (சேர்ந்து ஓடும் கன்டெய்னர்களின் தொகுதி) பெரும்பக்கம் கேட்கும்போது அதன் அளவு வளத்தின் பெயரிலேயே இருக்கும், 2 எம்பியும் 1 ஜிபியும் இரண்டு வேறு வளங்கள். அந்த வடிவமைப்பைச் செய்தவர்கள் இந்தக் குழப்பத்தை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முன்னிருப்பை மாற்றாமல் 1 ஜிபி பக்கங்களை ஒதுக்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மெம்இன்ஃபோ கோப்பின் 'ஹியூஜ்பேஜஸ்_டோட்டல்' வரி முன்னிருப்பு அளவை மட்டுமே எண்ணுகிறது. 1 ஜிபி பக்கங்கள் 16 சரியாக ஒதுக்கப்பட்டிருந்தாலும் அந்த வரியில் 0 என்றே இருக்கும். அதே நேரத்தில் 'ஃப்ரீ' கட்டளை 16 ஜிபி செலவானதாகக் காட்டும். ஒதுக்கீடு தோற்றுவிட்டது என்று நினைத்துத் துவக்க வரியில் எண்ணிக்கையைக் கூட்டினால், நிலைமை மேலும் மோசமாகும். உண்மையான கணக்கு '/சிஸ்/கர்னல்/எம்எம்/ஹியூஜ்பேஜஸ்' அடைவில் இருக்கிறது. ஒவ்வோர் அளவுக்கும் அங்கே தனி உள்ளடைவு உண்டு, 1 ஜிபிக்கு உரியதன் பெயரில் 1048576 கேபி என்ற எண் இருக்கும். புதிய கர்னல்களில் மெம்இன்ஃபோ கோப்பிலேயே 'ஹியூஜ்டிஎல்பி' என்ற ஒரு வரி எல்லா அளவுகளையும் சேர்த்த மொத்தத்தைக் காட்டுகிறது.

இதுவரை சொன்ன 2 எம்பி, 1 ஜிபி என்ற எண்கள் எக்ஸ்86 கணினிகளுக்கு உரியவை. 64 பிட் ஆர்ம் ப்ராசசர்களில் அடிப்படைப் பக்கமே 4, 16, 64 கேபி என்று மூன்று வகையாக அமையலாம். எது என்பது கர்னலைக் கட்டும்போது தீர்மானிக்கப்படுகிறது. 64 கேபி அடிப்படையில் கட்டிய கர்னலில் முன்னிருப்புப் பெரும்பக்கம் 512 எம்பி. ரெட்ஹேட் எண்டர்ப்ரைஸ் லினக்ஸ் 8 தன் ஆர்ம் பதிப்பில் 64 கேபியைப் பயன்படுத்தியது. 9-ஆம் பதிப்பில் 4 கேபிக்கு வந்தது. எக்ஸ்86 சர்வருக்கு எழுதிய 'ஹியூஜ்பேஜஸ்=1024' என்ற வரியை அப்படியே 64 கேபி கர்னலுக்குக் கொண்டுபோனால் அது 2 ஜிபி அல்ல, 512 ஜிபி கேட்கும். ஐபிஎம்மின் பெருங்கணினிகளில் பெரும்பக்கம் 1 எம்பி. எண்ணிக்கைச் சொல்லை அளவுச் சொல் இல்லாமல் தனியாக எழுதவே கூடாது என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே முதன்மையான காரணம்: அளவு எழுதப்பட்டிருந்தால், பொருந்தாத கணினியில் அந்த வரி செயலற்றுப் போகும், எழுதப்படாவிட்டால் தவறான பொருளில் செயல்படும்.

ஒன்றுக்கு மேற்பட்ட ப்ராசசர் சாக்கெட்டுகள் உள்ள சர்வரில் துவக்க ஒதுக்கீடு எல்லா நியூமா கணுக்களுக்கும் (ப்ராசசரும் அதன் அருகிலுள்ள நினைவகமும் சேர்ந்த பகுதிகள்) சமமாகப் பங்கிடப்படும். 16 பக்கங்கள் என்றால் இரண்டு கணுக்களில் எட்டு எட்டாக அமையும். ஒரே கணுவில் கட்டி வைத்து ஓட்டும் மெய்நிகர் கணினிக்கு 12 பக்கம் வேண்டுமென்றால் எட்டுதான் அருகில் கிடைக்கும். புதிய கர்னல்களில் கணு எண்ணையும் எண்ணிக்கையையும் சேர்த்து எழுத முடிகிறது. '0:12,1:4' என்றால் முதல் கணுவில் 12, அடுத்ததில் 4.

இதே துவக்க வரியில் 'ட்ரான்ஸ்பரன்ட்_ஹியூஜ்பேஜ்' என்ற மற்றோர் அளவுருவும் வரலாம். பெயர் நெருக்கமாக இருப்பதால் பலர் இதையும் மேலே சொன்னவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆண்ட்ரியா ஆர்க்காஞ்சலி எழுதி 2011-இல் லினக்ஸ் 2.6.38-இல் சேர்ந்த இந்த வசதி, நிரல் எதுவும் கேட்காமலேயே அதன் சாதாரண நினைவகத்தைக் கர்னல் 2 எம்பி பக்கங்களாக அமைத்துத் தருவது. முன்கூட்டி ஒதுக்கீடு கிடையாது. 'ஆல்வேஸ்' என்றால் எல்லா நிரலுக்கும், 'எம்அட்வைஸ்' என்றால் விரும்பிக் கேட்கும் நிரலுக்கு மட்டும், 'நெவர்' என்றால் யாருக்கும் இல்லை. தரவை நினைவகத்திலேயே வைத்திருக்கும் ரெடிஸ் தரவுத்தளம் இதை அணைக்கச் சொல்வதற்குத் தெளிவான காரணம் உண்டு: தரவைச் சேமிக்க அது தன்னைப் பிரதி எடுத்துக்கொண்ட பிறகு ஒரு சிறு மாற்றம் நேர்ந்தாலும், 4 கேபிக்குப் பதில் 2 எம்பியைப் படியெடுக்க வேண்டியதாகிறது. மாங்கோடிபி தரவுத்தளம் பல ஆண்டுகள் அணைக்கச் சொல்லிவிட்டு, தன் நினைவக ஒதுக்கி மாறியபின் 8.0 பதிப்பிலிருந்து இயக்கி வைக்கச் சொல்கிறது. ஆகவே இதில் எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. 'எம்அட்வைஸ்' பெரும்பாலான சர்வர்களுக்குப் பாதுகாப்பான நடுவழி. 'நெவர்' என்று எழுதினாலும் அளவுச் சொல், எண்ணிக்கைச் சொல் வழியாக ஒதுக்கியவை அப்படியே இருக்கும். இரண்டும் வெவ்வேறு ஏற்பாடுகள்.

அண்மைக் காலத்தில் சேர்ந்த இரண்டு துவக்க அளவுருக்கள் கவனத்துக்குரியவை. ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் கர்னல் 64 பைட் குறிப்பு வைத்திருக்கிறது. 1 டிபி நினைவகத்தில் இது 16 ஜிபி. பெரும்பக்கமாக மாறிய பரப்புக்கு அந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். 2021-இல் வந்த 5.14 பதிப்பிலிருந்து 'ஹியூஜ்டிஎல்பி_ஃப்ரீ_விமெம்மேப்' என்பதை இயக்கினால், 1 ஜிபி பக்கம் ஒவ்வொன்றின் குறிப்புகளுக்கும் செலவாகும் 16 எம்பி இடத்தில் ஏறக்குறைய எல்லாமே திரும்பக் கிடைக்கும். பெரிய மெய்நிகர் கணினிகளை ஓட்டும் இடங்களில் இது கண்கூடான லாபம். மற்றொன்று 2020-இல் 5.7 பதிப்பில் வந்த 'ஹியூஜ்டிஎல்பி_சிஎம்ஏ'. இது பக்கங்களை ஒதுக்காமல், ஒரு பரப்பை மட்டும் துவக்கத்தில் குறித்து வைக்கிறது. நகர்த்தக்கூடிய பக்கங்கள் மட்டும் அதற்குள் குடியிருக்கலாம். 1 ஜிபி பக்கம் தேவைப்படும்போது அவற்றை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பெரும்பக்கம் வேண்டும் என்பது துவக்கத்தின்போது தெரியாத கணினிகளுக்கு, பூட்டி வைக்கும் பழைய முறையைவிட இது மிகவும் பொருத்தமானது.

துவக்க வரியை எழுதும் முறை லினக்ஸ் விநியோகத்துக்கு விநியோகம் சற்றே மாறும். டெபியன், உபுண்டுவில் கர்னலை ஏற்றும் க்ரப் நிரலின் '/இடிசி/டீஃபால்ட்/க்ரப்' கோப்பில் உள்ள கர்னல் வரியைத் திருத்தி 'அப்டேட்-க்ரப்' ஓட்ட வேண்டும். ஃபெடோராவிலும் ரெட்ஹேட் குடும்பத்திலும் 'க்ரப்பி' கருவி அதைச் செய்யும். மறுதுவக்கத்துக்குப் பிறகு '/ப்ராக்/சிஎம்டிலைன்' கோப்பைப் படித்து, எழுதியது உண்மையில் கர்னலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு கர்னல் பதிவில் 'ஹியூஜ்டிஎல்பி' என்று தேட வேண்டும். கேட்டதைவிடக் குறைவாகக் கிடைத்திருந்தால் எத்தனை கேட்கப்பட்டது, எத்தனை கிடைத்தது என்று அங்கே எழுதியிருக்கும்.

எண்ணிக்கையை மிக அதிகமாக எழுதிவிட்டால், மிஞ்சிய நினைவகம் போதாமல் கணினி எழும் வழியிலேயே சேவைகள் ஒவ்வொன்றாகக் கொல்லப்பட்டு, உள்நுழையும் திரை வராமலே போகலாம். அப்போது க்ரப் பட்டியலில் கர்னலைத் தேர்ந்து 'இ' விசையை அழுத்தினால் துவக்க வரி திருத்தத்துக்குத் திறக்கும். பெரும்பக்கச் சொற்களை மட்டும் அழித்துவிட்டு, கன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் அந்த ஒருமுறை மட்டும் அவை இல்லாமல் கணினி எழும். கோப்பில் உள்ள பழைய வரி மாறியிருக்காது; உள்ளே போனதும் அதைத் திருத்தி, மீண்டும் உருவாக்கிய பிறகே அடுத்த மறுதுவக்கத்தைச் செய்ய வேண்டும். தொலைவில் உள்ள சர்வரில் இதைச் செய்யத் தொடர் முனையமோ மேலாண்மை அட்டையோ தேவைப்படும் என்பதால், அந்த வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகே துவக்க வரியில் எண்ணிக்கையை மாற்றுவது நல்லது.